மேற்கோளுக்குக் கீழே நாலு வரி

ஒரு நாட்குறிப்பேட்டுக்குப் புரூஃப் பார்க்கும் வேலை ஒருமுறை என்னிடம் வந்தது. பக்கத்துக்கு ஒரு பொன்மொழி, மொத்தம் 365. ஜனவரியில் புத்தர் சொன்ன ஒரு வாக்கியத்தை ஜூன் மாதம் ஐன்ஸ்டைன் சொல்லிக்கொண்டிருந்தார். நவம்பரில் அதே வாக்கியம் ‘ஒரு ஞானி’ என்பவருக்குப் போயிருந்தது. தயாரித்தவர்களிடம் காட்டினேன். “இதையெல்லாம் யாருங்க பார்க்கப்போறாங்க” என்றார்கள். அப்புறம் இரண்டை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வைத்துக்கொண்டது ஐன்ஸ்டைனை. மூன்று பேரில் நேர்மையானவர் அந்த ஞானிதான் என்று எனக்கு இன்றைக்கும் எண்ணம்.

புரூஃப் பார்ப்பது என் பிழைப்பு. 26 வருடமாகிறது. படித்ததில் மனதில் தைத்த வரிகளை எழுதிவைக்க ஒரு நோட்டும் அதே அளவு காலமாக இருக்கிறது. நாங்கள் ஆறு பேர், பழைய சிநேகிதர்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒருவர் மற்ற ஐந்து பேருக்கு ஒரு மேற்கோள் அனுப்புவது என்று முறை வைத்துக்கொண்டு பத்து வருடம் ஆகப்போகிறது. சட்டம் ஒன்றே ஒன்றுதான்: மேற்கோளை மொட்டையாக அனுப்பக் கூடாது, கீழே அனுப்புகிறவரின் சொந்த நாலு வரி இருக்க வேண்டும். அது இல்லையென்றால் இரண்டாம் மாதமே நின்றுபோயிருப்போம். பூப்படத்தின் மேல் பொன்மொழி ஒட்டிக் காலையில் வந்து விழுகிற பத்துச் செய்திகளோடு பதினொன்றாக ஆகியிருப்போம்.

நீங்களும் இப்படி ஆரம்பிக்க நினைத்தால் இரண்டு பேர் இருந்தாலே போதும். எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வரியைத் தேர்ந்தெடுப்பது

ஒரு வரி பிடித்துவிட்டால் கை உடனே அனுப்பத் துடிக்கும். அனுப்பாதீர்கள். எழுதிவைத்து ஒரு வாரம் விடுங்கள். நோட்டைத் திறக்காமலே, பாத்திரம் கழுவும்போதோ எங்காவது வரிசையில் நிற்கும்போதோ அது தானாக நினைவுக்கு வந்தால் அனுப்பத் தகுந்தது. வராவிட்டால், படித்த நேரத்து மயக்கம், அவ்வளவுதான். என் நோட்டில் முக்கால்வாசி இந்தத் தேர்வில் தோற்றவை.

நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிற வரியும் உதவாது. அதன் கீழே ‘ஆமாம்’ என்பதைத் தவிர என்ன எழுத வரும்? கொஞ்சம் உறுத்த வேண்டும், செருப்புக்குள் புகுந்த பொடிக்கல் மாதிரி. “இது அழகாக இருக்கிறது, ஆனால் உண்மையா?” என்று இரண்டு நாள் இழுத்தடித்த வரிகள்தான் எங்களுக்குள் நல்ல பேச்சைக் கிளப்பியிருக்கின்றன.

சொன்னவர் பெரிய மனிதராக இருக்க வேண்டும் என்றில்லை. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் முதல் வாரத்தில் சொன்னதுதான் என் நோட்டின் முதல் பக்கம்: “அவசரமா படிச்சா கண்ணு எழுத்தைப் பார்க்காதும்மா, நீ நினைச்சதைப் பார்க்கும்.” அச்சில் வராத இந்த மாதிரி வாக்குகளைத் தாராளமாக எடுங்கள். ஆனால் சொன்னவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள். சபையில் சொன்னது வேறு, வீட்டுக்குள் சொன்னது வேறு.

சொல்லுக்குச் சொல்

அந்தப் பெரியவர் வாக்கை முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டே நான் சறுக்கிய கதை இது. குழுவுக்கு நான் அனுப்பிய இரண்டாவதோ மூன்றாவதோ மேற்கோள் ஒரு குறள்:

எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள்
மெய்ப்பொருள் காண்பது அறிவு.

சின்ன வயதிலிருந்து மனப்பாடம்தானே என்று புத்தகத்தைத் திறக்கவில்லை. குறள் 355 என்று எண்ணையும் ஜம்பமாகப் போட்டுவிட்டேன். குழுவில் ஒருவர் தமிழாசிரியர். பதில் ஒரே வரியில் வந்தது: “அக்கா, 423.”

355 வேறு குறள். ‘எப்பொருள் எத்தன்மைத் தாயினும்’ என்று தொடங்கும். இரண்டாவது அடி இரண்டுக்கும் எழுத்து மாறாமல் ஒன்றே. என் கை இந்தக் குறளை எழுத, மனது அந்தக் குறளின் எண்ணைக் கொடுத்திருக்கிறது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பிழையால்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். 423 பொருட்பாலில், அறிவுடைமை அதிகாரத்தில் இருக்கிறது. யார் வாயிலிருந்து வந்தாலும் ஏமாறாதே என்று காதுக்குச் சொல்கிறது. 355 அறத்துப்பாலில், துறவறவியலில், மெய்யுணர்தலில் இருக்கிறது. பொருள் எந்தத் தோற்றத்தில் வந்தாலும் மயங்காதே என்கிறது, அது கண்ணுக்கு. ஒரே அடி இரண்டு வீட்டில் குடியிருக்கிறது, இரண்டு வேலை செய்கிறது. இதை அனுப்பியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். அடுத்த முறை என் தவற்றோடு சேர்த்து அதையே அனுப்பினேன்.

ஆகவே, மனப்பாடத்திலிருந்து எழுதாதீர்கள். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன் என்கிற வரிக்கும் புத்தகத்தை எடுங்கள். எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று ஓரத்தில் குறியுங்கள். பழைய பாடல்களில் ‘காண்ப தறிவு’ என்று சீருக்குப் பிரித்தும் ‘காண்பது அறிவு’ என்று சொல்லுக்குப் பிரித்தும் அச்சிடுவார்கள். இரண்டும் சரிதான், ஒன்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே எழுதுங்கள். நடுவில் சில சொற்களை விட்டால் மூன்று புள்ளி வையுங்கள். விட்டது வாக்கியத்தின் பொருளையே திருப்பிவிடுமானால் புள்ளி வைத்தும் பாவம் போகாது.

அடுத்த பள்ளம், யார் சொன்னது என்பது. ஷெர்லக் ஹோம்ஸ் என்றாலே எல்லோர் வாயிலும் வருகிற ‘எலிமென்ட்டரி, மை டியர் வாட்சன்’ கோனன் டாயில் எழுதிய 4 நாவல்களிலும் 56 சிறுகதைகளிலும் அந்த வடிவத்தில் ஓரிடத்திலும் இல்லை. ‘நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்’ என்பது வால்டேர் வாக்கு என்றுதான் நானும் நம்பியிருந்தேன். வால்டேர் இறந்தது 1778இல். அந்த வாக்கியம் வந்தது 1906இல். ஈவ்லின் பியட்ரிஸ் ஹால் என்பவர் எஸ். ஜி. டாலன்டைர் என்ற புனைபெயரில் வால்டேரின் நண்பர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வால்டேரின் மனப்போக்கைத் தன் சொற்களில் சுருக்கி மேற்கோள் குறிக்குள் போட்டார். குறியைப் பார்த்தவர்கள் அது அவர் வாய்ச்சொல் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பேய்க்கதை கிடையாது.

எனக்கு இன்னும் பிடித்தது காந்தி விஷயம். ‘உலகில் நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு’ என்பதைச் சுவரில் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். அவர் எழுத்தில் அதற்கு நெருக்கமாக இருப்பது, 1913இல் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் வந்த உடல்நலக் கட்டுரைத் தொடரில் ஓரிடம். நம்மை நாம் மாற்றிக்கொள்ள முடிந்தால் உலகின் போக்கும் மாறும் என்கிற பொருளில் வருகிறது. எதைப் பற்றி எழுதும்போது என்றால், பாம்புக்கடி. சுவரில் இருக்கும் வாக்கியத்தைவிட இந்தச் செய்தியை அனுப்பினால் ஐந்து பேரும் பதில் எழுதுவார்கள்.

சரிபார்க்க நான் செய்வது பெரிய வித்தையல்ல. வரியில் உள்ள வழக்கத்துக்கு மாறான சொற்கள் இரண்டு மூன்றைச் சேர்த்துத் தேடுவேன். கிடைப்பதெல்லாம் படங்களாகவும், பெயர் மட்டும் இருந்து நூலின் பெயரோ ஆண்டோ இல்லாமலும் இருந்தால் சந்தேகப்படுவேன். வரி முதலில் அச்சில் தென்படும் காலமும் சொன்னதாகச் சொல்லப்படுபவர் வாழ்ந்த காலமும் ஒட்டுகிறதா என்று பார்ப்பேன். கடைசிவரை கிடைக்காவிட்டால் ‘சொன்னவர் யாரென்று தெரியவில்லை, நான் படித்தது இந்த இடத்தில்’ என்று எழுதி அனுப்புவேன். அதில் ஒரு அவமானமும் இல்லை.

இதற்காகத் தமிழாசிரியர் என்னை வசமாகப் பிடித்துக்கொண்டார். “யார் வாயிலிருந்து வந்தாலும் என்ன என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். நீங்கள் ஏன் அக்கா பெயரைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்?” இரண்டு நாள் பதில் வரவில்லை எனக்கு. பிறகு எழுதினேன்: அதனால்தான் தொங்குகிறேன். வரி நல்லதென்றால் அதற்கு இரவல் பெயர் எதற்கு? ஐன்ஸ்டைன் என்று கீழே போட்டவுடன் நாம் வரியை விட்டுவிட்டுப் பெயருக்குத் தலையாட்டத் தொடங்கிவிடுகிறோம்.

முன்னும் பின்னும்

வரி எங்கே இருக்கிறதோ அதற்கு முந்தின பக்கத்தையும் பிந்தின பக்கத்தையும் படிக்காமல் அனுப்புவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடகத்தில், நாவலில் வரும் வரியென்றால் பேசுவது எந்தப் பாத்திரம் என்று பார்க்க வேண்டும். ‘உனக்கு நீ உண்மையாக இரு’ என்று ஷேக்ஸ்பியர் பெயரில் சுற்றுவது ‘ஹாம்லெட்’ நாடகத்தில் பொலோனியஸ் பேசுவது. ஊர் வம்பையெல்லாம் ஒளிந்து நின்று ஒட்டுக்கேட்கிற ஆள் அவர். கடைசியில் திரைக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டபடியேதான் சாகிறார். அவர் மகனுக்குச் சொல்லும் உபதேசம் என்று தெரிந்தபின் அந்த வரியின் ருசியே வேறு.

நம்மிடத்தில் இதற்கு ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’. கணியன் பூங்குன்றனார், புறநானூறு 192. முதல் வரி தெரியாதவர் இல்லை. பாட்டு மொத்தம் 13 வரி. நடுவில் ஒரு ஆறு வருகிறது. கல்லில் மோதி இரைந்து ஓடும் பேராறு. அதன் நீரோட்டத்தில் போகும் தெப்பம்போல உயிரும் முறைவழியே போகிறது, திறம் உடையவர்கள் கண்டு சொன்னதால் இது எங்களுக்குத் தெளிவாயிற்று என்கிறார். அங்கே ஒரு ‘ஆகலின்’ போடுகிறார். ஆகையால்,

பெரியோரை வியத்தலும் இலமே
சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே.

எல்லோரும் தெப்பத்தில் போகிறவர்கள் என்றால் இதில் பெரியவர் யார், சிறியவர் யார்? அந்த ‘ஆகலி’னை விட்டுவிட்டுக் கடைசி இரண்டு வரியை மட்டும் வெட்டி ஒட்டினால் அது பணிவுக்கு ஓர் அறிவுரையாகச் சுருங்கிவிடும். இடம் இல்லையென்றால் ஆற்றைப் பற்றி உங்கள் சொல்லில் ஒரு வாக்கியமாவது சேருங்கள்.

அந்த நாலு வரி

உண்மையான வேலை இங்கேதான். முதலில் எப்படி எழுதக் கூடாது என்பதற்கு, இதே வரிகளுக்குக் கீழே நான் முதன்முதலில் எழுதியதைக் காட்டுகிறேன்:

“மிக அருமையான வரிகள். இன்றைய உலகத்துக்கு மிகவும் தேவையானவை. இதைப் பின்பற்றினால் மனிதருக்குள் சண்டையே இருக்காது.”

இதில் தப்பு ஒன்றும் இல்லை. பிழைகூட இல்லை. ஆனால் இந்த மூன்று வாக்கியத்தையும் கத்தரித்து வேறு எந்த மேற்கோளுக்குக் கீழே ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும். இதுதான் என் சோதனை. வேறொன்றின் கீழ் பொருந்துகிற குறிப்பு எதுவாக இருந்தாலும் கிழித்துப் போட்டுவிடுவேன். அதைக் கிழித்துவிட்டு, அனுப்பியது இது:

“‘அதனினும்’ என்ற சொல்லில் நின்றுவிட்டேன். போன மாதம், வேலைக்கு வந்து மூன்று வாரமே ஆன பெண் நான் பார்த்து முடித்த பக்கத்தை நீட்டி, ‘அக்கா, இங்க ஒரு ஒற்று விட்டுப்போச்சு’ என்றாள். நன்றி சொன்னேன். சொல்லிவிட்டு அன்று முழுக்க அவள் பார்த்த பக்கங்களில் பிழை தேடினேன். பெரியவர்களை வியக்காமல் இருக்க எனக்கு வரும். ‘அதனினும்’ வரவில்லை.”

இது பெரிய எழுத்து என்று சொல்ல வரவில்லை. எப்படி வந்தது என்று மட்டும் சொல்கிறேன். முழு வரியையும் பிடிக்கப் பார்க்காமல் ஒரு சொல்லைப் பிடித்தேன். அந்தச் சொல்லைத் தொட்டால் யார் முகம் ஞாபகத்துக்கு வருகிறது என்று பார்த்தேன். அந்தப் பெண்ணின் முகம் வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதினேன், என் பக்கத்தைப் பூசி மெழுகாமல். வரிக்கு உரை எழுதப் போகவில்லை. பதவுரை வேண்டுமானால் பரிமேலழகர் முதல் மு. வரதராசன் வரை குறளுக்கு எழுதிவைத்திருப்பதுபோல எல்லாவற்றுக்கும் யாராவது எழுதியிருப்பார்கள். சிநேகிதர்களுக்கு என்னிடமிருந்து மட்டுமே கிடைக்கக் கூடியது அந்த விட்டுப்போன ஒற்றுதான்.

அதற்குப் பதில் மூன்று வாரம் வந்துகொண்டிருந்தது. ஒருத்தி சண்டைக்கே வந்தாள். “இகழாமல் இரு என்றால் சரி. வியக்காமலும் இரு என்றால் எப்படி? நான் வியந்துதான் பாட்டுக் கற்றுக்கொண்டேன், வியந்துதான் கல்யாணமே பண்ணிக்கொண்டேன்.” இன்னொருவர், வியத்தல் வேறு, மதித்தல் வேறு என்றார். நான் ஒற்றைப் பற்றி எழுதியது எல்லோருக்கும் மறந்துபோய், அவரவர் தம் கதையைச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். குறிப்பு வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லையா? மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். எந்தச் சொல்லை எடுத்துவிட்டால் இந்த வரி செத்துப்போகும்? இது முன்பே தெரிந்திருந்தால் என்றைக்கு, எங்கே எனக்கு உதவியிருக்கும்? இந்த வரி எங்கே பொய்யாகிறது? மூன்றாவதை நான் தவறாமல் கேட்பேன். அவசரமாகப் படித்தால் கண் எழுத்தைப் பார்க்காது என்றாரே பெரியவர், அதுவும் ஓரிடத்தில் பொய்யாகிறது. என்ன அவசரத்தில் புரட்டினாலும் என் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தால் மட்டும் கண் சட்டென்று பார்த்துவிடுகிறது. இதை எழுதியபோது அந்தப் பெரியவரே சிரித்திருப்பார் என்று நினைத்தேன்.

நாலு வரி என்பது பேச்சுக்கு. எண்பது சொல்லைத் தாண்டினால் மேற்கோள் முன்னுரையாகிவிடுகிறது, நீங்கள் கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். அதேபோல எட்டு வரிக் கவிதையில் எட்டையும் எடுத்துப் போட்டால் அது மேற்கோள் அல்ல, நகல். இரண்டு வரி போடுங்கள், மீதியைத் தேடிப் படிக்கட்டும்.

வேற்று மொழி வரியென்றால் மொழிபெயர்த்தவர் பெயரைச் சேருங்கள். நீங்களே தமிழாக்கினால் ‘தமிழில் நான்’ என்று சொல்லிவிடுங்கள். பொருளை மட்டும் எடுத்துச் சொல்கிறீர்களா, மேற்கோள் குறியைப் போடாதீர்கள். ஹால் அம்மையார் கதையை மறக்க வேண்டாம்.

அனுப்புவதும் வாங்குவதும்

ஒருமுறை சிநேகிதர் ஒருவரின் அம்மா தவறிவிட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நோட்டைப் புரட்டி, மரணத்தைப் பற்றி நான் மிகவும் மதிக்கும் இரண்டு வரிகளை எடுத்து அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துச் சாதாரணமாகத்தான் சொன்னார்: “அன்னைக்கு நீ போன் பண்ணியிருக்கலாம்.” அன்றிலிருந்து துக்கத்தில், கோபத்தில், நோயில் இருக்கிறவர்களுக்கு மேற்கோள் அனுப்புவதில்லை. யாரையாவது திருத்துவதற்காகப் பொதுவில் ஒரு வரியைத் தூக்கிப் போடுவதும் இதே ரகம்தான். யாருக்கான குத்து என்பது அவருக்கு முதலில் தெரியும், மற்றவர்களுக்கு அடுத்த நொடியே தெரியும்.

வாங்குகிறவருக்கும் ஒரு வேலை உண்டு. வந்த மேற்கோளுக்கு இன்னொரு மேற்கோளைப் பதிலாகத் தட்டிவிடாதீர்கள், அது சீட்டாட்டம். கைகூப்பும் பொம்மையும் வேண்டாம். நேரமில்லையென்றால் சும்மா இருந்தாலே மரியாதைதான். நேரமிருந்தால் கேளுங்கள்: “இது உனக்கு எப்போது பட்டது?” இந்த ஒரு கேள்விக்கு எங்கள் குழுவில் கிடைத்த பதில்கள் மேற்கோள்களைவிட நன்றாக இருந்திருக்கின்றன.

நோட்டைப் பற்றி ஒரு சொல். நிறையச் சேர்ந்த பிறகு தேட முடியாது. ஜான் லாக் என்ற தத்துவவாதி இதற்கென்றே ஒரு முறை கண்டுபிடித்து 1686இல் பிரெஞ்சில் வெளியிட்டார். ஆங்கிலத்தில் 1706இல், அவர் இறந்தபின் வந்தது. தலைப்புச் சொல்லின் முதல் எழுத்தையும் அதன்பின் வரும் முதல் உயிரெழுத்தையும் சேர்த்து அகரவரிசையில் பக்க எண்ணைக் குறிக்கச் சொன்னார். நமக்குப் பாதி வேலையை எழுத்தே முடித்துக்கொடுக்கிறது. ‘கோ’ என்றாலே மெய்யும் உயிரும் உள்ளே இருக்கின்றன. நோட்டின் கடைசி நாலு பக்கத்தில் க, கா, கி என்று கட்டம் போட்டு, கல்விக்குக் ‘க’, கோபத்துக்குக் ‘கோ’ என்று பக்க எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வருகிறேன். போதுமானதாக இருக்கிறது.

இன்னொன்று, ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் அரைப் பக்கம் காலியாக விடுங்கள். அதே வரிக்குச் சில வருடம் கழித்து மறுபடி எழுதலாம். ‘கற்க கசடற’ குறளில், பலரும் விட்டுவிடுகிற ‘நிற்க அதற்குத் தக’ என்பதற்குக் கீழே என்னிடம் மூன்று குறிப்புகள் இருக்கின்றன. 2009இல் எழுதியது அரைப் பக்கம், ஒரே ஆவேசம். 2015இல் மூன்று வரி, முந்தினதைக் கிண்டல் செய்து. மூன்றாவதில் 2022 என்று தேதி மட்டும் இருக்கிறது. எழுத உட்கார்ந்தவுடன் யாரோ கூப்பிட்டு எழுந்து போயிருக்கிறேன். என்ன எழுத நினைத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. தேதியைக் கடைசியில் போடுங்கள்.